ஆட்சி மாறி நெல்லிக்கொல்லைக்கு என்ன வந்தது?

ஒன்றிய அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு, கோப்பு எழுதவும் மதிப்பீடு போடவும் சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள். அதில் நான் தலையிடப் போவதில்லை. மனு கொடுக்க வரும் ஒருவர் உங்கள் மேசைக்கு எதிரே நின்று கேட்கப் போகும் ஒரு கேள்வியைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். "ஆட்சி மாறிடுச்சே, இனிமேலாவது எங்களுக்கு இன்னா நடக்கும்?" இதற்கு நான் ஒரு முறை தப்பாகப் பதில் சொன்னேன். பல வருடம் கழித்து ஓரளவு சரியாகச் சொன்னேன். இரண்டும் ஒரே ஊருக்குத்தான்.

நான் முப்பத்து மூன்று வருடம் இந்தத் துறையில் இருந்தவள். கடைசியில் துணை வட்டார வளர்ச்சி அலுவலராக ஓய்வு பெற்றேன். சொந்த ஊர் கண்ணமங்கலம் பக்கம் என்றாலும், பாதிக்கு மேற்பட்ட காலம் ஜவ்வாது மலையில்தான் போயிற்று. ஆட்சி மாறினால் அலுவலகத்தில் முதலில் மாறுவது சுவரில் மாட்டிய படம். அடுத்தது வாசலில் நிற்கும் வண்டிகளின் கொடி. மூன்றாவதாக நாம் மாறுவோம், இடமாறுதல் பட்டியல் வந்துவிடும். இதெல்லாம் யாரும் கேட்காமலே நடக்கும். ஓட்டுப் போட்டவர்களுக்கு எது மாறும் என்பதில்தான் சிக்கல். ஒன்றும் மாறாது என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் நம் அலுவலகங்களில் நிறைய. எல்லாம் மாறும் என்கிறவர்கள் மேடையில் நிறைய. நான் இரண்டு கூட்டத்திலும் இருந்து பார்த்திருக்கிறேன்.

நெல்லிக்கொல்லை என்று நான் இங்கே சொல்லும் ஊரில் நாற்பது வீடுகள். தார்ச்சாலையிலிருந்து நான்கு கிலோமீட்டர் காட்டுப்பாதையில் நடக்க வேண்டும். அதில் பாதி காப்புக்காடு. பிரசவ வலி கண்டாலும் பாம்பு கடித்தாலும், ஒரு கம்பில் போர்வையைத் தொட்டில்போலக் கட்டி ஆளைப் படுக்க வைத்து நான்கு பேர் தோளில் தூக்கி வருவார்கள். அதற்கு டோலி என்று பெயர். அந்த ஊர் தலைமுறை தலைமுறையாகக் கேட்டது ஒன்றே ஒன்றுதான், ரோடு.

முதல் சம்பவம் நடந்தபோது நான் ஊர்நல அலுவலர். தேர்தல் முடிந்து புது ஆட்சி வந்திருந்தது. ஜெயித்தவர் மேடையிலேயே நெல்லிக்கொல்லைக்குச் சாலை என்று அறிவித்துவிட்டார். மறு வாரம் நான் மகளிர் குழுக் கூட்டத்துக்காக ஊருக்குப் போனபோது, நாட்டாமை வெள்ளையன் என்னைத் தனியாக அழைத்துக் கேட்டார்.

"மேடையில சொல்றதல்லாம் நாங்க நம்பறதில்லம்மா. நீங்க சொல்லுங்க. ரோடு வருமா, வராதா?"

கட்சிக்காரரை நம்பாதவர்கள் என்னை நம்பிக் கேட்கிறார்களே என்று எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நிதி ஒதுக்கப்படும் என்று அலுவலகத்தில் பேச்சும் அடிபட்டது. "வரும், இந்த வாட்டி கட்டாயம் வரும்" என்று சொல்லிவிட்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது நான் இல்லை, அந்த ஊர்.

அந்த ஊர் வழக்கம் ஒன்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும். அங்கே நிலம் ஒருவருக்கும் அதில் நிற்கும் புளியமரம் இன்னொருவருக்கும் இருக்கும். ஒரே மரத்தில் கிழக்குக் கிளை அண்ணனுக்கு, மேற்குக் கிளை தம்பிக்கு என்று பங்கும் உண்டு. அதனால் ஒரு மரத்தை வெட்ட வேண்டுமானால் பங்காளிகள் அத்தனை பேரும் ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்து ஒத்துக்கொள்ள வேண்டும். அப்படி ஒத்துக்கொண்டு ஒரு மரம் விழுந்ததை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

மூன்று வாரம் கழித்து, அளவெடுக்க வந்த ஓவர்சியரோடு மேலே போனேன். பாதையோரம் பட்டா நிலத்தில் நின்ற ஏழு புளியமரங்கள் விழுந்து கிடந்தன. வெள்ளையனின் தங்கை காளியம்மா, விழுந்த கிளையிலிருந்து புளியம்பிஞ்சுகளைப் பறித்து முந்தானையில் போட்டுக்கொண்டிருந்தாள். கணவன் இறந்து, சின்னப் பெண் குழந்தையோடு அண்ணன் வீட்டுக்குத் திரும்பியிருந்தவள். அண்ணன்மார் அவளுக்கென்று ஒதுக்கிக் கொடுத்தது அந்த ஒரு மரத்தைத்தான்.

"யாரு வெட்டச் சொன்னது?" என்றேன்.

"யாரும் சொல்லலம்மா. ரோடு வர்றப்போ மரம் குறுக்க நின்னா அதச் சாக்கு வெச்சே நிறுத்திடுவாங்கன்னு ஊரு கூடிப் பேசினோம். லாரி திரும்பணும் இல்ல? நீங்கதான் வரும்னீங்களே" என்றாள். குரலில் சந்தோஷம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

சாலை வரவில்லை. யாரும் ஏமாற்றியதாக நினைக்காதீர்கள். ஜெயித்தவர் நிஜமாகவே இரண்டு வருடம் அலைந்தார். நிதியும் ஒதுக்கினார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. காப்புக்காட்டைக் கடக்க அனுமதி கேட்டுப் போன கோப்பு ஒரு கேள்வியோடு திரும்பி வந்தது. பதில் எழுதி அனுப்பினோம், இன்னொரு கேள்வியோடு வந்தது. அப்படியே தேர்தல்கள் வந்து போய்ப் பதினைந்து வருடம் ஓடிவிட்டது. அதற்கிடையில் வனக்காப்பாளர் வந்து, மரம் வெட்டியதற்கு ஊர்க்காரர்களை எச்சரித்து எழுதி வாங்கிப் போனார். காளியம்மா அடுத்தவர் மரத்தில் கூலிக்குப் புளி உலுக்கப் போனாள்.

அந்தக் கோப்பு கிடந்த காலத்தில்தான் அவள் மகள் செல்வி வளர்ந்து, கல்யாணமாகி, தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தாள். தார்ச்சாலை முனையில் துணை சுகாதார நிலையம் ஒன்று இருக்கிறது. செவிலியர் மாறுதலாகிப் போனபின் அந்த இடத்துக்கு ஆள் போடாமல் கட்டடம் பூட்டிக் கிடந்தது. திண்ணையில் ஆடுகள் படுத்திருக்கும். எந்த வாரம் பிரசவம் என்று கணித்துச் சொல்ல ஆளில்லாமல், வலி கண்டபின், மழையில் டோலி கட்டினார்கள். ஓடையைக் கடக்கும் முன்பே குழந்தை பிறந்து, மூச்சு விடாமல் போய்விட்டது. மறுநாள் அலுவலகத்தில் கேள்விப்பட்டேன். நான் 'வரும்' என்று சொல்லாமல் இருந்திருந்தால் அவர்கள் இந்தப் பூட்டிய கட்டடத்தைத் திறக்கச் சொல்லியாவது கேட்டிருப்பார்களே என்ற நினைப்பு என்னைக் குடைந்தது.

அதன்பின் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். ஒரு மனு கைக்கு வந்தால், இதற்கு எத்தனை பேர் கையெழுத்து வேண்டும் என்று முதலில் பார்ப்பேன். அந்தக் கையெழுத்துக்காரர்களில் எத்தனை பேர் இந்தத் தேர்தலால் மாறியிருக்கிறார்கள் என்று அடுத்துப் பார்ப்பேன். இவ்வளவுதான் என் ஜோசியம். பெரும்பாலும் பலித்திருக்கிறது.

இன்னொரு தேர்தல் வந்தது, மறுபடியும் ஆட்சி மாறியது. எனக்கு ஓய்வுபெற ஒரு வருடம்கூட இல்லை. புதிதாக ஜெயித்த எம்.எல்.ஏ. நன்றி சொல்ல மலைக்கு வருகிறார், ஊருக்கு ஒரு மனுதான் வாங்குவார் என்று தகவல் வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு நெல்லிக்கொல்லையிலிருந்து மூன்று பேர் என் அறைக்கு வந்தார்கள். வெள்ளையன், இப்போது வார்டு உறுப்பினராகியிருந்த காளியம்மா, ஆளுங்கட்சிக்குப் புதிதாகக் கிளைச் செயலாளர் ஆகியிருந்த சேகர் என்ற இளைஞர். சேகர் அழகாக மனு அடித்துக் கொண்டுவந்திருந்தார். விஷயம் சாலை.

செல்வி மறுபடி கர்ப்பமாக இருந்தாள். கணவன் குடகுப் பக்கம் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருந்ததால் அம்மா வீட்டில்தான் இருந்தாள். இது எனக்குத் தெரியும்.

மனுவைப் படித்துவிட்டு மேசையில் வைத்தேன். "ரோடு கேக்காதீங்க" என்றேன்.

சேகருக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்க ஆட்சியில ரோடு வராதுன்றீங்களா மேடம்? போன ஆட்சிக்காரங்க மாதிரியே பேசறீங்களே."

"உங்க எம்.எல்.ஏ. நல்லவராவே இருக்கட்டும் சேகர். காட்டுக்குள்ள ரோடு போட வனத்துறை, மாவட்டம், சென்னை, அதுக்கு மேல மத்திய அரசு ஆபீஸ்னு வரிசையாக் கையெழுத்து வேணும். இந்த எலெக்சன்ல அவங்கள்ல யாரு மாறிட்டாங்க? நர்ஸம்மா கேளுங்க. அதுக்கு ஒரே ஒரு ஆர்டர் போதும். அத்தப் போடறவரு இப்போ உங்க ஆளு போன் பண்ணா எடுப்பாரு."

வெள்ளையன் நிதானமாகக் கேட்டார். "ரோட்ட வுட்டுட்டு நர்ஸம்மாவக் கேட்டா, ரோடு வாணாம்னு நாங்களே எழுதிக் குடுத்தாப்ல ஆவாதா?"

நியாயமான பயம். இத்தனை வருடப் பணியில் அதைவிடக் கூர்மையான கேள்வியை நான் எந்த ஆய்வுக் கூட்டத்திலும் கேட்டதில்லை. "ஆனாலும் ஆவும்" என்றேன்.

அப்போதுதான் காளியம்மா வாயைத் திறந்தாள். "ஒரு வாட்டி வரும்னீங்க, மரத்த வெட்டினோம். இப்போ வராதுன்றீங்க. நாங்க எத்த நம்பறது?"

என் நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கேள்வியை வாங்கிக்கொள்வது சுலபமாக இல்லை. அதிகாரத்தை வைத்து அதட்டி அனுப்பியிருக்கலாம். மனுவை வாங்கி வைத்துக்கொண்டு சிரித்து அனுப்பியிருக்கலாம், அது அதைவிடச் சுலபம். "அன்னைக்கு வரும்னு சொன்னது என் தப்பும்மா" என்றேன். "நர்ஸம்மா கட்டாயம் வந்துடும்னும் இப்போ சொல்ல மாட்டேன். இந்த ரெண்டு மூணு மாசத்துக்குள்ள கேட்டா வர்றதுக்கு வழி கீது. தள்ளிப் போனா கஷ்டம்."

"செல்விக்கு இன்னும் ரெண்டரை மாசம்."

"தெரியும்."

அவள் மனுவை எடுத்துத் திருப்பி, வெற்றுப் பக்கத்தைச் சேகர் முன்னால் வைத்தாள். "எழுதுடா."

"இன்னா எழுதறது அத்தை?"

"நர்ஸம்மா வோணும்னு எழுது. ரோட்ட அடியில எழுது. சின்னதா."

அந்த இரண்டு மூன்று மாதம் என்று நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. புது மருமகள் வந்த வாரத்தில் வாசல் இரண்டு முறை பெருக்கப்படும். புது ஆட்சியும் அப்படித்தான். சீக்கிரமாக எதையாவது செய்து காட்ட வேண்டும் என்ற துடிப்பு அவர்களுக்கு இருக்கும். பழைய அதிகாரிகளுக்கோ புது ஆள் எப்படிப்பட்டவரோ என்ற பயம் இருக்கும். அந்தத் துடிப்பும் பயமும் இருக்கும்வரை காலியிடம் நிரம்பும், நின்றுபோன பேருந்து மறுபடி வரும், பூட்டிய கதவு திறக்கும். மலையும் காடும் சட்டமும் அதற்குள் நகர்ந்துவிடாது. பிறகு எல்லோரும் எல்லோருக்கும் பழகிவிடுவார்கள். அதன்பின் மனு மறுபடியும் வெறும் தாளாகிவிடும்.

எம்.எல்.ஏ. வந்த அன்று நல்ல கூட்டம். ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்த கட்சியின் ஒன்றியப் பொறுப்பாளர், கையிலிருந்த தாளைப் பார்க்காமலே "நெல்லிக்கொல்லை, சாலை வசதி" என்று சொல்லிவிட்டார். எம்.எல்.ஏ. ஒலிபெருக்கியை வாங்கிப் பேச வாயெடுத்தார். என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியும். பதினைந்து வருடம் முன்பு ஜெயித்தவரும் அதே இடத்தில் நின்றுதான் சொன்னார்.

கூட்டத்தின் நடுவில் காளியம்மா எழுந்தாள். "ரோடு அப்பறம் ஆவட்டுங்க. நர்ஸம்மாவ எப்போ அனுப்புவீங்க? அத்த மட்டும் சொல்லுங்க."

எம்.எல்.ஏ.வுக்கு ஒன்றும் புரியவில்லை. அதிகாரிகள் வரிசையைப் பார்த்து, "அது என்னங்க விஷயம்?" என்றார். பொறுப்பாளர் என் பக்கம் குனிந்து, "நீங்க சும்மா இருங்க மேடம், நாங்க பாத்துக்கறோம்" என்று முணுமுணுத்தார். சும்மா இருந்திருந்தால் ரோடு அறிவிப்பும் கைதட்டலுமாகக் கூட்டம் முடிந்திருக்கும், எனக்கும் ஓய்வுபெறும்வரை ஒரு தொந்தரவும் வந்திருக்காது. அது வேறு துறையின் காலியிடம், நான் பேச வேண்டியதே இல்லை. ஒரு நொடி நான் தயங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு எழுந்து சொன்னேன். "துணை சுகாதார நிலையம் இரண்டு வருஷத்துக்கு மேல பூட்டிக் கிடக்குதுங்க. அந்தம்மா மகளோட போன குழந்தை டோலியிலயே செத்துப்போச்சு. இப்போ மறுபடி எட்டாவது மாசம் தொடங்கப் போகுது."

எம்.எல்.ஏ. நல்ல மனிதர். அல்லது வந்து இரண்டே மாதமான மனிதர், எதுவென்று எனக்குத் தெரியாது. அங்கேயே நின்று கைப்பேசியில் யாரிடமோ பேசினார். சாலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

செவிலியருக்கு வந்த நியமன ஆணையும் எனக்கு வந்த இடமாறுதல் ஆணையும் ஒரே வாரத்தில் வந்தன. என்னை அடிவாரத்து அலுவலகம் ஒன்றுக்கு மாற்றியிருந்தார்கள். பழிவாங்கல் என்றார்கள் சக ஊழியர்கள். இருக்கலாம், வழக்கமான பட்டியலாகவும் இருக்கலாம். நான் விசாரிக்கவில்லை. மலையை விட்டு இறங்கும்போது வருத்தமாகத்தான் இருந்தது.

ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் ஒடுகத்தூர் பேருந்து நிலையத்தில் காளியம்மாவைப் பார்த்தேன். கடலை எண்ணெய் வாங்கிக்கொண்டு பேருந்துக்குக் காத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். கேட்கப் பயமாக இருந்தது. கேட்டேன்.

"பொண்ணுதாங்க. நல்லா கீது. இப்போ தவழுது" என்றாள். "நர்ஸம்மா வாராவாரம் நடந்தே மேல வந்துச்சு. ரத்தம் கம்மி, வலிக்குக் காத்துகினு இருக்காதீங்க, ஒரு வாரம் முன்னாடியே எறக்கிடுங்கன்னு சொல்லிச்சு. எறக்கிட்டோம்."

"எப்படி எறக்கினீங்க?"

"டோலிதான். வேற இன்னா கீது? போன வாட்டி கத்திகினே போனா என் பொண்ணு. இந்த வாட்டி மெதுவா நடங்கடான்னு தூக்கறவனுங்களத் திட்டிகினே போனா."

நான் சிரித்தேன், கண்ணும் கலங்கிவிட்டது. அவளும் சிரித்தாள். ரோடு என்ன ஆயிற்று என்று கேட்டேன். கோப்பு இன்னொரு கேள்வியோடு திரும்பி வந்திருக்கிறதாம். சேகர்தான் இப்போது அதன் பின்னால் அலைகிறாராம். நர்ஸம்மா வாரத்தில் நான்கு நாள்தான் இருக்கிறாராம், மற்ற நாளில் கூட்டம் என்று போய்விடுகிறாராம். இதையெல்லாம் அவள் குறையாகச் சொல்லவில்லை, நிறைவாகவும் சொல்லவில்லை. நடப்பதைச் சொன்னாள்.

நான் உங்களுக்குச் சொன்னதையே அவளுக்கும் சொன்னேன். ஆட்சி மாறிய புதிதில் கேட்டதால்தான் கிடைத்தது, அடுத்து எப்போது மாறினாலும் இப்படியே சின்னதாகப் பார்த்து, உடனே கேளுங்கள் என்று. எனக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது. கவனமாகக் கேட்டுக்கொண்டாள். எண்ணெய்த் தூக்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு, கிண்டல் ஒன்றும் இல்லாமல், தெரிந்துகொள்ள வேண்டித்தான் கேட்டாள்.

"ஏம்மா, மாறினாத்தான் கேக்கணுமா? மாறாங்காட்டியும் கேட்டா குடுக்க மாட்டீங்களா?"

'குடுக்க மாட்டாங்களா' என்று அவள் கேட்கவில்லை. பூட்டிய அந்தக் கட்டடத்தின் வழியாக இரண்டு வருடம் நான் ஜீப்பில் போய் வந்திருக்கிறேன். அதைத் திறக்கச் சொல்லி ஒரு கடிதம் எழுத எனக்கு எந்தத் தேர்தலும் தேவைப்பட்டிருக்கவில்லை. அதை அவளிடம் சொல்ல வாய் வருவதற்குள் பேருந்து வந்துவிட்டது. "வர்றேம்மா" என்று சொல்லி ஏறிப் போய்விட்டாள்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அவள் இனி உங்களிடம்தான் வருவாள்.